கொல்லன் கடன்

புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய செய்யுளொன்று தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்தது. ஒரு வீரன் உருவாதற்கு ஊரார் ஒவ்வொருவரும் ஆற்றவேண்டிய கடமையை அது நிரல்பட எடுத்துரைக்கின்றது. தாய்க்கு ஒரு கடமை, தந்தைக்கு ஒரு கடமை, மன்னனுக்கு ஒரு கடமை. களத்திலே பொருது மீள்வது இளைஞனின் கடமை. இவர்களுக்கு நடுவே கொல்லனும் நிற்கின்றான். வேலைச் செய்து கொடுப்பதே அவனுக்கு விதிக்கப்பட்ட கடமையாகும். அந்த வேல் எவர் மார்பிற் பாயும், அங்ஙனம் பாய்வது முறையாகுமா என்னும் வினாக்கள் அவனிடம் கேட்கப்படவில்லை. அவன் தன் உலைக்களத்தோடு அமைந்துவிடுகின்றான்.

மன்னனின் கடமையைக் கூறுமிடத்தில் இச்செய்யுளுக்குப் பாடவேறுபாடு ஒன்றுண்டு. நல்லொழுக்கத்தை அளித்தல் என ஒரு பாடம் பொருள்படும். மருதநிலத்தைக் கொடையாக அளித்தல் என மற்றைய பாடம் பொருள்படும். இவற்றுள் எது மூலபாடம் என முடிவு செய்வது பதிப்பாசிரியர்க்கு உரிய பணி. ஆயின் அறவியல் நோக்கிற் பார்க்குமிடத்து இவ்விரு பாடங்களும் இருவேறு உலகங்களைக் காட்டுகின்றன. முதலாவது உலகில், அதிகாரமுடைய ஒருவன் வேலின் அறத்தைக் காத்து நிற்கின்றான். எனவே கொல்லன் கவலையின்றித் தொழில் செய்யலாம். இரண்டாவது உலகில் வேந்தன் வழங்குவது வெகுமதி மாத்திரமே. வேலின் அறம் பற்றிச் சிந்திக்கும் பொறுப்பு அதிகாரமுடைய எவரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. அத்தகைய உலகிலும் கொல்லனின் கடமை செய்து கொடுப்பதோடு நிறைவு பெறுமா?

இவ்வினாவை வேலைக் கொண்டு ஆராய்வதிலும் நம் காலத்துக் கருவியொன்றைக் கொண்டு ஆராய்வதே பயனுடைத்து. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வலையமைப்புக் கருவிகளைச் செய்து விற்கும் சிஸ்கோ என்னும் அமெரிக்க நிறுவனத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. அந்நிறுவனத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது இங்கு நோக்கமன்று. அதனைப் பற்றிய சர்ச்சைகள் பகிரங்கமாகப் பதிவாகியுள்ளன. இரு பக்கத்து வாதங்களும் வலிமையுடையன. ஒரு பொது வினாவுக்கு இவை நல்ல உரைகல்லாக அமையும் என்பதே காரணம்.

நிறுவனமும் அதன் பொருள்களும்

சிஸ்கோ 1984 டிசெம்பரிற் கலிபோர்ணியாவிலே தொடங்கப்பெற்றது. ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்திற் கணினித் துறையில் பணியாற்றிய லெனாட் பொசாக், சான்டி லேர்னர் என்னும் தம்பதியர் அதனைத் தொடக்கினர். சான் பிரான்சிஸ்கோ நகரப் பெயரின் இறுதிப் பகுதியே நிறுவனத்தின் பெயராயிற்று. பல்கலைக்கழகத்தின் வெவ்வேறு பிரிவுகளில் இருந்த, ஒன்றன் மொழி மற்றொன்றுக்கு விளங்காத வலையமைப்புகளை இணைப்பதற்கென அங்குள்ளோர் உருவாக்கிய கருவியும் மென்பொருளும் நிறுவனத்தின் முதற் பண்டத்துக்கு அடிப்படையாயின. இவற்றின் உரிமை யாருடையது என்னும் பிணக்கு எழுந்தது. 1986 இற் பொசாக் பல்கலைக்கழகப் பணியினின்றும் விலக நேர்ந்தது. 1987 இற் பல்கலைக்கழகம் அவற்றைப் பயன்படுத்துவதற்கான உரிமத்தை நிறுவனத்துக்கு வழங்கியது. பின்னர் வளர்ச்சி மிக வேகமாக ஏற்பட்டது. 2000 மார்ச் மாதத்தில் அதன் பங்குச் சந்தைப் பெறுமதி 50,000 கோடி டொலரைக் கடந்தது. சிறிது காலம் அது உலகின் மிகப் பெறுமதி வாய்ந்த நிறுவனமாக விளங்கியது.

அது விற்கும் பொருள்களுள் முதன்மையானது ரவுட்டர் எனப்படும் வழிப்படுத்தி. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்படுகின்றது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் பொறிக்கப்பட்டிருக்கும். வழிப்படுத்தி பெறுவோர் முகவரியைப் படித்துத் தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, அடுத்து எத்திசையில் அனுப்பவேண்டும் எனத் தீர்மானிக்கின்றது. தபாற் கந்தோரில் கடிதங்களைப் பிரித்து வெவ்வேறு பைகளில் இடும் ஊழியரின் பணியை அது செய்கின்றது எனலாம்.

இங்கே ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். முகவரியைப் படித்துப் பொதியை அனுப்பும் கருவி, அதே முகவரியைப் படித்துப் பொதியைத் தடுக்கவும் வல்லது. குறித்த இடத்திலிருந்து வருவனவற்றை ஏற்காதே, குறித்த இடத்துக்குச் செல்வனவற்றை விடாதே எனச் சில வரிகளிற் கட்டளை எழுதினாற் போதும். இவ்வாற்றல் தீய நோக்கோடு புகுத்தப்பட்டதன்று. நாசகார நிரல்களையும் தாக்குதல்களையும் தடுத்து மருத்துவமனையையும் வங்கியையும் காப்பதற்கு இது இன்றியமையாதது. எனவே அனுப்புவதும் தடுப்பதும் ஒரே கண்ணின் இருவேறு தொழில்களாம்.

சீனச் சர்ச்சை

1990 களின் பிற்பகுதியில் சீனாவின் பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சு 'பொற்கேடயம்' என்னும் பாரிய திட்டத்தை வகுத்தது. நாடெங்குமுள்ள பொலிசாரின் தகவற் களஞ்சியங்களை வலையமைப்பினால் இணைப்பது அதன் நோக்கம். 2003 அளவில் அது செயற்படத் தொடங்கியது. அதற்குக் கருவிகளை விற்ற வெளிநாட்டு நிறுவனங்களுள் சிஸ்கோவும் ஒன்று. இதற்கிடையில், 1999 யூலையிற் பலுன் கொங் என்னும் ஆன்மிக இயக்கத்தைச் சீன அரசு தடை செய்தது. அதனைப் பின்பற்றியோர் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டனர்.

2008 இற் சிஸ்கோவின் உள்ளக ஆவணமொன்று வெளிவந்தது. 2002 இல் தயாரிக்கப்பட்ட அந்த விளக்கத் தொகுப்பு, சீனப் பொலிசாரின் வலையமைப்புத் திட்டங்களில் நிறுவனத்துக்குள்ள விற்பனை வாய்ப்புகளை ஆராய்வது. பொற்கேடயத்தின் நோக்கங்கள் எடுத்துக்கூறப்பட்ட இடத்தில், பலுன் கொங்கையும் பிற பகைவரையும் எதிர்த்தல் என்பதும் ஒரு நோக்கமாகக் குறிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அமெரிக்க செனற் துணைக்குழுவின் முன் தோன்றிய நிறுவனத்தின் தலைமைச் சட்ட ஆலோசகர் மார்க் சான்ட்லர், அது சீன அதிகாரியின் கூற்றை எடுத்துக்காட்டியதேயன்றி நிறுவனத்தின் கருத்தன்று என விளக்கினார். அது அவ்வாவணத்தில் இடம்பெற்றமைக்கு வருத்தமும் தெரிவித்தார். உலகெங்கும் விற்கும் பொருள்களையே சீனாவிலும் விற்கின்றோம், தணிக்கைக்கென எதனையும் தனியாக அமைத்துக் கொடுக்கவில்லை, அமெரிக்காவின் ஏற்றுமதிச் சட்டங்களை மீறவில்லை என்பனவே நிறுவனத்தின் நிலைப்பாடு.

2011 மே மாதத்திற் பலுன் கொங் இயக்கத்தினர் சிலர் கலிபோர்ணியாவிலே சிஸ்கோ மீது வழக்குத் தொடுத்தனர். தம்மை இனங்கண்டு கைது செய்து வதைப்பதற்குப் பயன்பட்ட அமைப்பினை நிறுவனம் அறிந்தே வடிவமைத்து உதவியது என்பது அவர்களது குற்றச்சாட்டு. 1789 ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் துணை கொண்டு தொடுக்கப்பட்ட இவ்வழக்கை 2014 இல் மாவட்ட நீதிமன்று தள்ளுபடி செய்தது. 2023 யூலையில் மேன்முறையீட்டு நீதிமன்று அதன் ஒரு பகுதிக்கு மீண்டும் உயிரளித்தது. அறிந்துகொண்டு கணிசமான உதவி புரிந்தமை பற்றிய குற்றச்சாட்டு விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப் போதிய அளவில் முன்வைக்கப்பட்டுள்ளது என அது கருதியது. இது குற்றம் நிரூபிக்கப்பட்டது என்னும் தீர்ப்பன்று. நாம் ஆராய்வதும் சட்டத்தின் வினாவன்று. சட்டம் தடுக்காத செயல்கள் பல அறத்துக்குப் புறம்பாதல் கூடும். சட்டம் தண்டிக்கும் செயல்கள் சில அறத்தோடு இயைதலும் கூடும்.

நடுநிலை வாதம்

கருவி செய்வோர் சார்பிற் கூறப்படும் முதல் வாதம் கருவி நடுநிலையானது என்பதாம். இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளுதல் நேர்மையாகாது. நம் நாட்டு வரலாற்றிலிருந்தே அதற்கு வலிமையான சான்று காட்டலாம். 1983 யூலையிற் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிச் சென்ற கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்திருந்தன என்பது பல பதிவுகளிற் காணப்படுகின்றது. வாக்காளர் இடாப்பு மக்களாட்சியின் அடிப்படை ஆவணம். அதனைத் தொகுத்த கிராம அலுவலர் மக்கள் வாக்குரிமையை இழந்துவிடலாகாது என்றே வீடு வீடாகச் சென்றிருப்பார். ஒருவரின் குடியுரிமைக்குச் சான்றாக எழுதப்பட்ட வரி அவருடைய வீட்டுக்குத் தீ மூட்ட வழிகாட்டிற்று. இங்கே இடாப்பை எழுதியவரைக் குற்றவாளி என்போமா? என்னமாட்டோம். எக்கருவியும் எவ்வாறும் பயன்படலாம் என்பதற்காகச் செய்தவரைப் பொறுப்பாளி ஆக்கினால் எவரும் எதனையும் செய்தல் இயலாது. உழவர்க்குக் கத்தி செய்து கொடுப்பவரும் உலைமூட்டத் தீப்பெட்டி செய்பவரும் தத்தம் தொழிலைக் கைவிடல் வேண்டும்.

எனினும் அந்த அலுவலரின் நிலையைச் சிறிது மாற்றி நோக்குவோம். இடாப்பின் பிரதி ஒன்றைக் கேட்டு வருவோர் அதனை எதற்குக் கேட்கின்றனர் என்பதை அவர் அறிவார் எனக் கொள்வோம். அறிந்தும் கொடுப்பாராயின், அதே இடாப்பு, அதே எழுத்துகள்; ஆயினும் அவரைப் பற்றிய நம் தீர்ப்பு முற்றிலும் மாறிவிடுகின்றது. மாறியது கருவியன்று, கொடுத்த செயல். நடுநிலை வாதம் தவறுவது இவ்விடத்திலேயே. நடுநிலைமை ஒரு பொருளின் பண்பாக இருத்தல் கூடும். விற்றல் பொருளன்று, அது மனிதர் ஒருவர் மற்றொருவர்க்குச் செய்யும் செயல். செயலுக்கு அறிவு, நோக்கம், சூழ்நிலை என்பன உண்டு. பொருளின் நடுநிலைமையைக் காட்டிச் செயலின் நடுநிலைமையை நிறுவ முற்படுவது ஒன்றன் பண்பை மற்றொன்றின் மேல் ஏற்றிக் கூறுவதாகும்.

இதனை வரலாறும் உணர்த்தியுள்ளது. 1946 மார்ச்சில் ஹம்பேர்க் நகரிற் பிரித்தானிய இராணுவ நீதிமன்று ஒன்று மூவரை விசாரித்தது. அவர்கள் சைக்லோன் பி என்னும் பூச்சிகொல்லி வாயுவை விற்ற நிறுவனத்தைச் சேர்ந்தோர். அவ்வாயு பேன்களையும் பூச்சிகளையும் ஒழிப்பதற்குப் பயன்பட்டுவந்த சாதாரண வாணிகப் பொருள். அவுஷ்விற்ஸ் முகாமிலே மனிதரைக் கொல்ல அது பயன்படுத்தப்பட்டது. அதனை அறிந்தும் தொடர்ந்து வழங்கினர் என முடிவு செய்து, உரிமையாளரான புரூனோ ரெஷ் என்பவருக்கும் அவருடைய துணைவருக்கும் நீதிமன்று மரணதண்டனை விதித்தது. மூன்றாமவர் ஒரு தொழினுட்பவியலாளர். விற்பனையைத் தடுக்கவோ தொடரவோ அவருக்கு அதிகாரம் இருக்கவில்லை. அவர் விடுதலை பெற்றார். இவ்வழக்கையும் சிஸ்கோ பற்றிய சர்ச்சையையும் ஒரே தராசில் இடல் தகாது. ஈண்டு நாம் கொள்ளவேண்டியது அளவுகோல் மாத்திரமே. பொருள் என்ன என்பதை நீதிமன்று முதன்மையாகக் கொள்ளவில்லை. விற்றவர் என்ன அறிந்திருந்தார், அவரால் என்ன செய்ய இயன்றது என்னும் இரு வினாக்களே அங்கு முடிவைத் தந்தன. அறிவும் ஆற்றலும் என அவற்றைச் சுருக்கிக் கூறலாம்.

பொருள் நடுநிலையானது என்பதையும் முழுமையாக ஏற்றல் வேண்டுமா என்பது அடுத்த வினா. லாங்டன் வின்னர் என்னும் அமெரிக்க அறிஞர் 1980 இல் எழுதிய கட்டுரையொன்றிலே கருவிகளுக்கு அரசியல் உண்டா என வினவினார். சில தொழினுட்ப அமைப்புகள் ஒருவகை அதிகார ஒழுங்கோடு நெருங்கிப் பிணைந்துள்ளன என்பது அவர் காட்டிய கருத்து. தனியொரு வழிப்படுத்தியை எடுத்துக்கொண்டால் அது நடுநிலையானது எனலாம். ஆயின் ஒரு தேசத்தின் செய்திகள் யாவும் விரல்விட்டு எண்ணத்தக்க சில வாயில்களால் மாத்திரமே வெளியே செல்லும்படி வலையமைப்பு அமைக்கப்படுமாயின், அவ்வமைப்பு வாயிற்காவலனுக்கு ஆட்சியைக் கொடுத்துவிடுகின்றது. பல வழிகள் உள்ள வலையமைப்பு அவ்வாட்சியை எளிதிற் கொடுப்பதில்லை. செங்கல் நடுநிலையானது; ஆயினும் சிறைச்சாலையின் வரைபடத்தை நடுநிலையானது என எவரும் கூறார். எனவே ஒரு நிறுவனம் செங்கல்லை மாத்திரம் விற்றதா, வரைபடமும் வரைந்து கொடுத்ததா என்பது அறவியலில் முக்கியமான வேறுபாடு. சிஸ்கோ மீதான வழக்கின் உயிர்நிலையும் இதுவே. செங்கல் மாத்திரமே விற்றோம் என்கின்றது நிறுவனம். வரைபடமும் உங்களுடையதே என்கின்றனர் வழக்காளிகள்.

விற்றபின் உள்ள உறவு

இரண்டாவது வாதம், கைவிட்டுப் போன பொருளின் மேல் செய்தவர்க்கு ஆதிக்கம் இல்லை என்பது. எய்த அம்பை மீட்கும் வழியில்லை. விற்ற வேலும் அத்தகையதே. பழைய கொல்லனைப் பொறுத்தவரை இது உண்மையாக இருந்திருக்கும். வலையமைப்புக் கருவி செய்வோரைப் பொறுத்தவரை இது எவ்வளவுக்கு உண்மை என்பதைச் சில நிகழ்ச்சிகளைக் கொண்டு சோதிக்கலாம்.

2003 சனவரியிற் சிஸ்கோ, ஹுவாவி என்னும் சீன நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதிமன்றில் வழக்குத் தொடுத்தது. தன் வழிப்படுத்திகளை இயக்கும் மென்பொருளின் பகுதிகளை ஹுவாவி பிரதிசெய்துகொண்டது என்பது முறைப்பாடு. ஹுவாவி தன் பொருள்களிற் சில மாற்றங்களைச் செய்ய உடன்பட்டதன் பேரில் 2004 யூலையில் வழக்கு முடிவுற்றது. ஒரு பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பற்றிய பிணக்கோடு தன் வாழ்வைத் தொடங்கிய நிறுவனம் தன் மென்பொருளின் தடத்தைத் தேடிக் கண்டம் கடந்து சென்றது. தன் உடைமையைக் காத்தல் அதன் உரிமை. அதிற் குறை காண்பதற்கில்லை. கருவியோடு வரும் மென்பொருளை நிறுவனங்கள் முற்றாக விற்றுவிடுவதில்லை. நிபந்தனைகளோடு பயன்படுத்தும் உரிமத்தையே வழங்குகின்றன. பராமரிப்பு ஒப்பந்தம், புதுப்பிப்பு, பயிற்சி என்பன ஆண்டுதோறும் தொடர்கின்றன. இந்தக் கொல்லன் வேலைக் கொடுத்துவிட்டுப் போனவன் அல்லன். மாதந்தோறும் வந்து கூர்தீட்டிக் கொடுப்பவன்.

2014 மே மாதத்தில் மற்றொரு செய்தி வெளியாயிற்று. அமெரிக்காவின் தேசிய பாதுகாப்பு முகவர் நிலையத்தினர், வெளிநாடுகளுக்கு அனுப்பப்படும் வலையமைப்புக் கருவிகளை இடைவழியில் மறித்து, பெட்டியைத் திறந்து, ஒற்றுக் கருவிகளைப் புகுத்தி, மீண்டும் மூடி அனுப்பினர் என்பதைக் காட்டும் ஆவணங்கள் எட்வேட் ஸ்நோடன் மூலம் கிடைத்து வெளியிடப்பட்டன. அவற்றுடன் வந்த ஒளிப்படத்திற் சிஸ்கோவின் பெட்டி காணப்பட்டது. நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜோன் சேம்பர்ஸ் உடனே சனாதிபதி ஒபாமாவுக்குக் கடிதம் எழுதினார். இத்தகைய செயல்கள் தொழினுட்பத்தின் மேல் உலகு வைத்துள்ள நம்பிக்கையைக் குலைக்கும் என்பது அதன் சாரம். பின்னர், கூர்ந்து கண்காணிக்கப்படக்கூடும் என அஞ்சிய வாடிக்கையாளருக்குத் தொடர்பற்ற வேறு முகவரிகளுக்குக் கருவிகளை அனுப்பும் ஏற்பாட்டையும் நிறுவனம் செய்தது.

அக்கண்டனம் நியாயமானதே. ஆயின் அதனுள் அடங்கியுள்ள தர்க்கத்தை நோக்குதல் வேண்டும். கருவி முற்றிலும் நடுநிலையானது, விற்றபின் அது எவர் கையில் எதுவானால் என்ன என்பது உண்மையாயின், இடைவழியில் ஒருவர் அதனை ஒற்றுக் கருவியாக்கியமை பற்றி நிறுவனம் முறையிட நியாயம் இல்லை. நிறுவனம் முறையிட்டது; தன் பொருள் மக்களுக்கு எதிரான கருவியாவதைத் தன் பெயருக்கு நேர்ந்த தீங்காக உணர்ந்தது; அதனைத் தடுக்கத் தன் வாயிலுக்கு அப்பாலும் முயற்சி எடுத்தது. அமெரிக்க அரசைப் பார்த்து நிறுவனம் எழுப்பிய அதே வினாவைச் சீனச் சிறையில் இருந்தோர் நிறுவனத்தைப் பார்த்து எழுப்புகின்றனர். உரிமைகளைக் காக்கும்போது பொருளின் பின்னாலே நெடுந்தூரம் செல்ல இயலும் ஒருவர், கடமைகளைப் பற்றிய பேச்சு எழும்போது வாயிலோடு நின்றுவிட இயலாது.

பிறர் செய்வர் என்னும் வாதம்

மூன்றாவது வாதம் மிகப் பழையது. நான் விற்காவிடின் வேறொருவர் விற்பார். தீமை எவ்வகையிலும் நிகழும். என் தொழிலாளர் வேலையிழப்பது மாத்திரமே எஞ்சும். விளைவை மாத்திரம் கொண்டு அறத்தை அளப்போருக்கு இது இக்கட்டான வாதம். சந்தையிற் போட்டியாளர் பலர் இருந்தமையும் உண்மை.

எனினும் இவ்வாதத்தைப் போட்டியாளர் அனைவரும் ஒருங்கே கூறலாம் என்பதை மறத்தலாகாது. முதலாமவர் இரண்டாமவரைச் சுட்டுகின்றார்; இரண்டாமவர் மூன்றாமவரைச் சுட்டுகின்றார்; மூன்றாமவர் முதலாமவரைச் சுட்டுகின்றார். முடிவில், செய்தவர் பலர் இருக்கவும் செய்தவர் இல்லாத செயல் ஒன்று உலகில் நிகழ்ந்துவிடுகின்றது. பிறரும் செய்திருப்பர் என்பது என் விலகலால் விளையும் பயனைக் குறைக்கலாம். நான் செய்தேன் என்பதை அது அழிப்பதில்லை.

தீமைக்குத் துணைபோதல் பற்றி மேலைத்தேயக் கத்தோலிக்க அறவியலார் நுணுக்கமாக ஆராய்ந்துள்ளனர். எசமான் தீய நோக்கோடு பிறர் வீட்டுச் சாளரத்தில் ஏறுவதற்கு ஏணி சுமந்து உதவும் வேலையாள், எசமானுக்கு அஞ்சியே அதனைச் செய்வானாயிற் பெரும் பாவம் இழைத்தவன் ஆகான் எனச் சிலர் கருதினர். பாப்பரசர் 11 ஆம் இன்னொசென்ற் 1679 இல் அக்கருத்தைக் கண்டித்தார். அதன் பின் வந்தோர், துணைபோதலில் அண்மை சேய்மை, இன்றியமையாமை, நோக்கில் உடன்படுதல் உடன்படாமை எனப் படிநிலைகளை வகுத்தனர். பௌத்தமும் இவ்வினாவைத் தன் வழியில் அணுகியது. இல்லறத்தார் மேற்கொள்ளலாகாத வாணிகங்கள் ஐந்து என அங்குத்தர நிகாயம் கூறும். ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு என்பன அவை. ஆயுதத்தை ஏந்துவோனுக்கு மாத்திரமன்றி அதனை விற்போனுக்கும் வினையிற் பங்குண்டு என்பது அதன் உட்கிடை. வள்ளுவர் புலால் மறுத்தல் என்னும் அதிகாரத்தில் இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றார். கொல்வோனை மாத்திரம் அன்றி, விலைகொடுத்து வாங்குவோனையும் அக்கொலையோடு அவர் தொடர்புபடுத்துகின்றார். செய்வோர், விற்போர், வாங்குவோர் எனப் பொறுப்பு பலரிடம் பகிரப்படுகின்றது. பகிரப்படுவதனால் எவரிடத்தும் அது இல்லாமற் போவதில்லை.

அறிந்தும் வாளாவிருத்தல்

இதுவரை கூறியன தீயோர் கையிற் சேரும் கருவியைப் பற்றியவை. நல்லோர் கையிலுள்ள பழுதான கருவியைப் பற்றியும் ஒரு வினா உண்டு. சிஸ்கோ விற்ற கண்காணிப்புக் கமராக்களை நிருவகிக்கும் மென்பொருளில் அந்நியர் உட்புகுந்து ஆட்சி செய்யத்தக்க பழுதுகள் இருப்பதை, அப்பொருளை விற்ற வேறொரு நிறுவனத்திற் பணியாற்றிய ஒருவர் 2008 இற் கண்டறிந்து சிஸ்கோவுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டில் அவர் தம் வேலையை இழந்தார். அம்மென்பொருள் பின்னரும் அரச நிறுவனங்களுக்கு விற்கப்பட்டது. 2013 இலேயே பழுதுகள் பற்றிய பகிரங்க எச்சரிக்கையும் திருத்தமும் வெளிவந்தன. அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் சம்பந்தப்பட்ட வழக்கு 2019 இல் 86 இலட்சம் டொலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டமையோடு முடிந்தது. பழுதைப் பயன்படுத்தி எவரும் உட்புகுந்தமைக்குச் சான்று இல்லை என நிறுவனம் கூறியது.

தீங்கு நிகழ்ந்தமைக்குச் சான்று இல்லாதபோது தவறு எங்கே உள்ளது? பூட்டுச் செய்பவர் தாம் விற்ற பூட்டு எத்திறப்புக்கும் திறக்கும் என்பதை அறிந்துகொண்டபின் வாளாவிருப்பாராயின், கள்வர் இதுவரை வரவில்லை என்பது அவருக்கு நற்பேறேயன்றி நியாயமாகாது. அறிவு பிறந்த கணத்திலேயே கடமையும் பிறந்துவிடுகின்றது.

பழுதை எடுத்துரைத்தவர் நிலையும் சிந்திக்கத்தக்கது. ஹம்பேர்க்கில் விடுதலை பெற்ற தொழினுட்பவியலாளரைப் போலவே இவருக்கும் விற்பனையை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாதவரைத் தண்டித்தலாகாது என்பது நீதிமன்றுக்குரிய விதி. அதனை, அதிகாரம் இல்லாதவருக்குக் கடமையே இல்லை என நாம் நீட்டிவிடலாகாது. தடுக்க இயலாதவருக்கும் சொல்ல இயலும். சொல்வதற்கு விலை உண்டு என்பதையும் மேற்கூறிய நிகழ்ச்சி காட்டுகின்றது. இடருக்கு அஞ்சி வாய்மூடியிருப்போரைக் கடிந்துகொள்வது எளிது. சொல்வோரைக் காக்கும் ஏற்பாடுகளை நிறுவாத சமூகத்துக்கு அவ்வாறு கடியும் தகுதி குறைவு.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து கொல்லனின் கடமையை ஒருவாறு வரையறுக்கலாம். தன் கருவியால் எங்கோ எவராலோ விளைக்கப்படும் எல்லாத் தீமைக்கும் அவன் பொறுப்பாளி அல்லன். வாக்காளர் இடாப்பை எழுதிய அலுவலரை நாம் குற்றஞ் சாட்டாதது இதனாலேயே. எனினும் மூன்று கடமைகளினின்றும் அவன் விலக இயலாது. கருவி எவரிடம், எதற்காகச் செல்கின்றது என விசாரித்து அறிதல் முதலாவது. அறியாமை மன்னிக்கப்படலாம்; அறியாமல் இருக்க விரும்பியமை மன்னிக்கப்படலாகாது. தீய நோக்கம் வெளிப்படையாகத் தெரிந்தவிடத்து, பிறர் கொடுப்பர் என்னும் நியாயத்தைச் சாராது மறுத்தல் இரண்டாவது. கொடுத்தபின் கருவியோடு உறவு தொடரும் வரையில் அதன் பழுதையும் தீய பயன்பாட்டையும் மறையாது உரைத்து, இயன்ற அளவு திருத்துதல் மூன்றாவது. இவை வீரர்க்குரிய தியாகங்கள் அல்ல. ஒரு மருந்துக்கடைக்காரரிடம் நஞ்சு கேட்டு வருவோரைப் பற்றி நாம் இயல்பாக எதிர்பார்ப்பனவே இவை.

இவ்வாராய்ச்சி நமக்கு எவ்வகையிற் பொருந்தும் எனச் சிலர் வினவலாம். நம் பல்கலைக்கழகங்களில் ஒரு பிரிவினை உண்டு. கருவியைப் பற்றி அறிவோர் ஒரு பீடத்திலும் அறத்தைப் பற்றிப் பேசுவோர் மற்றொரு பீடத்திலும் பயில்கின்றனர். பொறியியல் மாணவர் அறவியலைக் கலைப்பீடத்தின் பாடமாகக் கருதுகின்றனர். கலைப்பீட மாணவராகிய நாமோ பொதி எவ்வாறு செல்கின்றது, வழிப்படுத்தி எவ்வாறு தடுக்கின்றது என்பவற்றை அறிய வேண்டியதில்லை எனக் கருதுகின்றோம். பொன்முடியார் செய்யுளிற் கண்ட கடமைப் பகிர்வு ஒரே ஊரில், ஒருவரை ஒருவர் அறிந்த மாந்தரிடையே அமைந்தது. நம் பகிர்விலோ கொல்லன் வேந்தனை அறியான். வேந்தன் வேலை அறியான். இருவரும் களத்தில் விழுவோனை அறியார். கருவியின் இயல்பை அறியாதவர் கூறும் அறம் வெறும் அறிவுரையாகவே நின்றுவிடும். அறத்தின் வினாவைக் கேட்கப் பழகாதவர் செய்யும் கருவி கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கப்படும்.

இன்று நம்மோடு பயில்வோருட் சிலர் நாளை இத்தகைய நிறுவனங்களிற் பணியாற்றுவர்; சிலர் அரச நிறுவனங்களுக்குக் கருவிகளை வாங்கும் குழுக்களில் அமர்வர்; சிலர் அவற்றைப் பற்றிய சட்டங்களை எழுதுவர். வேந்தன் நல்லொழுக்கத்தை அளிப்பான் என எதிர்பார்த்திருக்கும் காலம் அன்று இது. எவருக்காக, எதற்காக என்னும் வினாவை உலைக்களத்திலேயே கேட்கும் பழக்கம் இப்பல்கலைக்கழகத்திலிருந்தே தொடங்குமாயின், அது நம் கல்வியின் பயன்களுள் ஒன்றாகும்.